மலிவான கிரைண்டரிலும் நல்ல காபி

விலை குறைந்த காபி கிரைண்டர் வைத்திருப்பவர் தம் காபி சரியில்லை என்று சொன்னால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் அதை ஓரமாக வைத்துவிட்டு நல்லதாக ஒன்று வாங்குங்கள் என்பதுதான். அந்த யோசனை தவறானது என்று நான் சொல்லமாட்டேன். காபிக்காகச் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி கிரைண்டருக்கே போகவேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குத் தக்க காரணம் உண்டு. ஆனால் கையில் இருக்கும் கிரைண்டரின் குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அரைக்கும் விதத்தையும் காபி போடும் முறையையும் அந்தக் குறைக்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டால், அதே கிரைண்டரிலிருந்து இப்போது கிடைப்பதைவிடப் பலமடங்கு நல்ல காபி கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. இதை முயன்று பார்க்காமல் புதிய கிரைண்டர் வாங்குபவர்கள், பழைய பழக்கங்களையும் சேர்த்தே புதியதற்குக் கொண்டுபோகிறார்கள்.

மலிவான கிரைண்டரின் குறை ஒன்றே ஒன்றுதான்: அது சீராக அரைப்பதில்லை. ஒரே அரவையில் ஒருபக்கம் குருணையும் மறுபக்கம் மாவும் சேர்ந்து வருகின்றன. உயர்ந்த கிரைண்டரிலும் மாவு விழத்தான் செய்யும். அதன் அளவுதான் குறைவு. இந்தச் சீரின்மை ஏன் சுவையைக் கெடுக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பின்னால் சொல்லப்போகும் எல்லா வழிகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

வறுத்த காபிக்கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் மட்டுமே வெந்நீரில் கரையக்கூடியது. அது முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டால் குடிக்க முடியாத கசப்பும் துவர்ப்பும் வந்துவிடும். 1950-களில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் எர்னஸ்ட் லாக்கார்ட் இதை ஆராய்ந்து, தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து இறங்கும்போதுதான் பெரும்பாலோருக்குச் சுவை பிடிக்கிறது என்று வகுத்தார். காபித் துறை இன்றும் அந்த எல்லைகளையே அடிப்படையாகக் கொண்டு பேசுகிறது. முதலில் கரைவது புளிப்பு, அடுத்து இனிப்பு, கடைசியில் கசப்பும் நாக்கை இழுக்கும் துவர்ப்பும். இப்போது குருணையும் மாவும் கலந்த தூளில் வெந்நீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மாவு சில நொடிகளிலேயே தன்னிடம் இருப்பதையெல்லாம் இழந்து கசப்பு வரை போய்விடுகிறது. குருணையின் நடுப்பகுதியை நீர் இன்னும் எட்டியிருக்காது, அதனால் அது புளிப்போடு நின்றுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 20 சதவீதம் என்று அழகாக வரலாம். ஆனால் நாக்கு சராசரியைச் சுவைப்பதில்லை. ஒரே மிடறில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருகிறதென்றால், குற்றம் அரவையின் அளவில் இல்லை, சீரின்மையில் இருக்கிறது. அந்த நிலையில் இன்னும் நைசாக அரைத்தாலும் கொரகொரப்பாக அரைத்தாலும் ஒரு குறையைத் தணித்து மற்றொன்றைப் பெருக்குவதாகவே முடியும்.

உங்கள் கிரைண்டர் எவ்வளவு சீரற்றது என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். அரைத்த தூளில் ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் போட்டு, விரலால் மெல்லப் பரப்பி, சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். உடையாத பெரிய துணுக்குகள் பக்கவாட்டில் நிழல் விழுமளவுக்குத் தனித்துத் தெரியும். அவற்றின் ஓரங்களில் கொட்டையின் உள்தோல் வெளிறிய செதிலாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு தாளைச் சற்றுச் சாய்த்துத் தட்டுங்கள். பருத்தவை உருண்டு இறங்கிவிடும். தாளின் மீது பழுப்பு நிறப் படலமாக ஒட்டிக்கொண்டு நிற்பது மாவு. தூளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்து உதறினாலும் விரல் ரேகைகளில் அதே மாவு பதிந்திருப்பதைக் காணலாம். பின்வரும் மாற்றங்களில் எதைச் செய்தாலும், செய்வதற்கு முன்னும் பின்னும் இந்தச் சோதனையைச் செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாக்கு சில நேரம் நாம் விரும்புவதையே சொல்லும், தாள் அப்படிச் சொல்லாது.

கிரைண்டர்களில் இரண்டு வகை உண்டு. சுழலும் கத்தி கொண்ட பிளேடு கிரைண்டர் ஒன்று. ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இரண்டு பல் வட்டுகளுக்கு இடையே கொட்டையை நசுக்கும் பர் கிரைண்டர் மற்றொன்று. பிளேடு கிரைண்டரில் தூளின் அளவைத் தீர்மானிப்பது அது ஓடும் நேரம் மட்டுமே. கத்திக்குக் கீழே தங்கிவிட்ட தூள் திரும்பத் திரும்ப அடிபட்டு மாவாகிறது, மேலே துள்ளிக்கொண்டிருக்கும் கொட்டை அடிபடாமலே தப்பிக்கிறது. பொத்தானை ஒரேயடியாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் இதில் செய்யக்கூடாத முதல் காரியம். ஒரு நொடி, மிஞ்சினால் இரண்டு நொடி ஓட்டி நிறுத்தவேண்டும். மூடியை இறுகப் பிடித்துக் கிரைண்டரைக் கவிழ்த்தாற்போல் சாய்த்துக் குலுக்கவேண்டும். அடியில் இருப்பது மேலேயும் மேலே இருப்பது அடியிலும் போன பிறகே அடுத்த ஓட்டம். நடுவே விடும் இந்த இடைவெளியில் தூள் சூடேறாமலும் இருக்கும். கத்தியை மூடுமளவுக்குக் கொட்டை இருக்கவேண்டும், கிண்ணத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. பிளேடு கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். வேண்டிய தூளின் அளவைவிடச் சற்றுப் பெரிய கண்களைக் கொண்ட சல்லடை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொட்டையை முழுவதும் அரைக்க முயலாமல், சில குறுகிய ஓட்டங்கள் மட்டும் ஓட்டிச் சலித்துவிடுங்கள். கீழே விழுந்தது தயாரான தூள். அதைத் தனியே வைத்துவிடலாம். சல்லடையில் நின்ற குருணையை மட்டும் மீண்டும் கிரைண்டரில் போட்டு அரைத்துச் சலியுங்கள். இப்படி இரண்டு மூன்று சுற்றுக்குள் எல்லாம் சல்லடையைக் கடந்துவிடும். தேவையான அளவை அடைந்த தூள் மறுபடி கத்தியிடம் போவதே இல்லை என்பதால் மாவு வெகுவாகக் குறைகிறது. குருணையோ அறவே இல்லாமல் போகிறது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், மணத்தில் கொஞ்சம் காற்றோடு போகும் என்பதும் உண்மைதான். ஆயினும் பிளேடு கிரைண்டரின் ஒரு குறையை இந்த அளவுக்குத் தீர்க்கும் வேறு வழியை நான் அறியேன்.

மெல்லிய சல்லடையால் மாவை மட்டும் சலித்து எறிந்துவிடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அதை நான் முழுமனதோடு பரிந்துரைக்கவில்லை. மாவு முற்றிலும் போய்விட்டால் காபி தெளிவாக இருக்கும், ஆனால் நாவில் நிற்கும் கனம் இல்லாமல் மெலிந்துவிடும். எறிவதில் கொட்டையும் வீணாகிறது. கசப்பு மிகவும் அதிகமாக இருக்கும்போது மட்டும் லேசாகச் சலித்து, எஞ்சியதை நிறுத்துப் பயன்படுத்துவது போதும்.

மலிவான பர் கிரைண்டரின் கதை வேறு. இதில் அளவைத் தீர்மானிப்பது இரண்டு பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளி. ஆகவே கொள்கையளவில் தூள் சீராக வரவேண்டும். வராததற்குக் காரணம் தண்டில் உள்ள ஆட்டம். சுழலும் பல்லைத் தாங்கும் தண்டு ஒரே ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் நிற்பதால், அது நடுமையத்தில் சுழலாமல் ஒருபக்கம் சாய்ந்து சுழல்கிறது. ஒரு பக்கம் இடைவெளி குறுகும்போது எதிர்ப்பக்கம் அகன்றுவிடுகிறது. கையால் சுற்றும் மலிவான கிரைண்டரைக் காலியாக வைத்துக் கவிழ்த்து, கீழ்ப் பல்லை விரல் நுனியால் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். அசைகிறதென்றால் அந்த அசைவு முழுவதும் உங்கள் கோப்பைக்குள் வந்து சேர்கிறது என்று பொருள். தண்டும் வளையமும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய டேப்பை ஒரு சுற்று ஒட்டி இறுக்கம் கொடுப்பவர்கள் உண்டு. அந்த டேப் அரவைப் பாதையில் படாதபடியும், தண்டு இறுகிப்போகாமல் வழுக்கிச் சுழலும்படியும் பார்த்துக்கொண்டால் நல்ல பலன் தரும்.

அதைவிட எளிய உண்மை ஒன்றிருக்கிறது. தண்டின் ஆட்டம் கொரகொரப்பான அரவையில்தான் முழுமையாக வெளிப்படும். இடைவெளி அகல அகல, கீழ்ப் பல்லைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் அது இஷ்டத்துக்கு ஆடுகிறது. நடுத்தர நைசுக்கு வரும்போது கொட்டையின் அழுத்தமே பற்களை ஓரளவு மையத்தில் நிறுத்திவைக்கிறது. எனவே உங்கள் கிரைண்டர் எந்த அளவில் மிகச் சீராக அரைக்கிறது என்று தாளில் பார்த்துக் கண்டுபிடித்து, அந்த அளவுக்குப் பொருந்தும் முறையில் காபி போடுவதே அறிவுடைமை. முறையை முதலில் முடிவுசெய்துவிட்டுக் கிரைண்டரை அதற்கு வளைக்க முயல்வதால்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள்.

அரவை அளவைக் குறித்துவைக்க ஒரு தொடக்கப்புள்ளி தேவை. அரவை அளவை மாற்றும் திருகினை மெல்ல இறுக்கிக்கொண்டே போய், பற்கள் ஒன்றையொன்று உரசத் தொடங்கும் இடத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எத்தனை கிளிக் (திருகு ஒவ்வொரு படியாக நகரும்போது கேட்கும் சொடுக்கு) தளர்த்தினோம் என்று எண்ணவேண்டும். கிரைண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் அதே அளவுக்குத் திரும்ப இதுதான் வழி. மின்சாரத்தில் ஓடுவதென்றால், அளவை நைசு பக்கம் மாற்றும்போது கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும்; நின்ற நிலையில் இறுக்கினால் பற்களுக்கிடையே சிக்கியிருக்கும் துணுக்குகள் நெரிந்து பற்களையும் திருகையும் வருத்தும்.

பற்களுக்குள் கொட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதும் முக்கியம். ஒரே நேரத்தில் நிறையக் கொட்டை நெருக்கியடித்தால் அவை ஒன்றோடொன்று உரசி மாவைப் பெருக்கும். கைக் கிரைண்டரைச் செங்குத்தாகப் பிடிக்காமல் சற்றே படுத்தாற்போல் சாய்த்துப் பிடித்து, அவசரமில்லாமல் சுற்றினால், கொட்டைகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழையும். சுற்றவும் இலகுவாக இருக்கும். மின்சாரக் கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டையைப் போடுவதால் அதே பயன் கிடைக்கிறது.

தூள் பாத்திரத்தின் சுவரிலும் மேசையிலும் ஒட்டிப் பறப்பது மலிவான கிரைண்டர்களின் தீராத தொல்லை. இது உராய்வினால் உண்டாகும் நிலைமின்சாரம். அதைத் தணிக்கக் கரண்டியின் காம்பை நீரில் நனைத்து, அந்த ஈரத்தோடு கொட்டைகளை ஒருமுறை கிளறிவிட்டு அரைத்தால் போதும்; ஒரு துளிக்கு மேல் வேண்டாம். வீடுகளில் நெடுநாளாக இருந்த இந்த வழக்கத்தை ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2023-இல் ‘மேட்டர்’ என்ற ஆய்விதழில் வெளியிட்டார்கள். கருக்க வறுத்த உலர்ந்த கொட்டைகள் அதிக மின்னேற்றம் பெறுகின்றன என்பதும், சிறிதளவு நீர் அதைப் பெருமளவு குறைக்கிறது என்பதும் அதில் தெரியவந்தன. தூள் சிதறாமல் முழுவதும் வந்து சேர்வது சுத்தத்துக்காக மட்டுமல்ல. ஒட்டிக்கொண்டு நிற்பதில் பெரும்பகுதி மாவு என்பதால், அது ஒருநாள் உள்ளேயே தங்கி மறுநாள் மொத்தமாக உதிர்ந்தால் இரண்டு நாள் காபியும் ஒன்றுபோல் இருக்காது. அரைத்து முடித்தபின் கிரைண்டரின் பக்கத்தை உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டுவதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கொட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும் கிரைண்டருக்கு இரக்கம் காட்டலாம். இளவறுவல் கொட்டை கல்போல் இறுகியிருக்கும். மென்மையான பற்களும் வலுவற்ற மோட்டாரும் அதோடு போராடும்போது தண்டின் ஆட்டம் கூடுகிறது. மிகக் கருக்கிய கொட்டை எளிதில் நொறுங்கும், அதனாலேயே மாவு அதிகம் தரும். மேற்பரப்பில் கசியும் எண்ணெய் பற்களை அடைத்துக்கொள்ளும். நடுவறுவல்தான் மலிவான கிரைண்டருக்கு உற்ற துணை. கொட்டையைக் குளிரவைத்து அரைப்பதிலும் பொருள் இருக்கிறது: 2016-இல் ‘சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, கொட்டை குளிரக் குளிர அரவை நைசாகவும் சீராகவும் வருவதைக் காட்டியது. ஒருவேளைக்கு வேண்டியதைத் தனித்தனியே காற்றுப்புகாமல் கட்டி உறைபெட்டியில் வைத்திருந்தால், எடுத்த கையோடு அரைத்துவிடலாம். பெரிய பொட்டலமாக வைத்துத் திரும்பத் திரும்பத் திறந்தால் ஈரம் கோத்துக் கொட்டை கெட்டுவிடும்.

காபி போடும் முறைக்கு வருவோம். சீரற்ற தூளுக்கு மிகவும் பொறுமை காட்டுவது ஊறவைக்கும் முறை. தூளை நீரில் ஊறவைத்து, வலைத்தட்டை இறக்கி வடிக்கும் பிரெஞ்சு பிரஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாவு தான் கொடுக்கவேண்டியதை முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடுகிறது. அதன்பின் காலம் செல்லச்செல்லக் கொடுப்பது குருணைதான். நீரும் ஆறிக்கொண்டே வருவதால் கடைசிக் கசப்பு இறங்குவது மந்தப்படுகிறது. ஆகவே நீண்ட நேரம் ஊறவைப்பது இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கிறது. 250 மில்லி நீருக்கு 15 கிராம் தூள் என்ற கணக்கில், கொதித்து அடங்கிய நீரை ஊற்றி, 4 நிமிடம் கழித்து மேலே மிதக்கும் படலத்தைக் கரண்டியால் கலைத்து, எஞ்சும் நுரையையும் மிதப்பதையும் வழித்தெடுத்துவிடுங்கள். பிறகு மேலும் 5 நிமிடமாவது தொடாமல் விடுங்கள். இதற்குள் மாவு அடியில் படிந்துவிடும். வலைத்தட்டை அடிவரை அழுத்தாமல் மேற்பரப்பைத் தொடுமளவுக்கு மட்டும் இறக்கி, அசையாமல் ஊற்றி, அடியில் கடைசிக் கொஞ்சத்தை விட்டுவிடுங்கள். அழுத்தினால் படிந்த மண்டி மீண்டும் எழும்பிக் கோப்பைக்கு வந்துவிடும்.

மாவைத் தடுக்க இன்னொரு காவல் காகித வடிகட்டி. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் 1908-இல் காகித வடிகட்டியைக் கொண்டுவந்ததே கோப்பையில் மண்டி சேர்வதைத் தவிர்க்கத்தான். ஊறவைப்பதையும் காகிதத்தையும் இணைக்கும் ஏரோபிரஸ் போன்ற சாதனம் மலிவான கிரைண்டருக்கு ஏறத்தாழ அளவெடுத்துச் செய்தது போன்றது. அதற்கு ஏற்ற நடுத்தர நைசு அரவைதான் இந்தக் கிரைண்டர்களுக்கும் நன்றாக வருகிறது. பிரெஞ்சு பிரஸ்ஸில் ஊறியதையே காகிதத்தில் வடித்துக் குடிப்பதும் நல்ல வழி.

மேலிருந்து நீர் ஊற்றி வடிக்கும் முறையில் கவனம் கூடுதலாக வேண்டும். நீர் பாயும்போது மாவு நகர்ந்துபோய்க் காகிதத்தின் கண்களை அடைத்துவிடுகிறது. 250 மில்லி காபி 3 நிமிடத்தை ஒட்டி வடிந்து முடியவேண்டியது 5 நிமிடம் இழுத்தால், அடைப்பு நேர்ந்துவிட்டது என்று அறியலாம். இதற்குப் பலர் உடனே அரவையைக் கொரகொரப்பாக்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பு, நீரைத் தாழ்வாகவும் மெதுவாகவும் ஊற்றிப் பாருங்கள்; கிளறுவதையும் சுழற்றுவதையும் விட்டுவிடுங்கள்; பலமுறை பிரித்து ஊற்றுவதை இரண்டு முறையாகக் குறையுங்கள். தூளைக் கலக்காதவரை மாவு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நீரை மிகுந்த அழுத்தத்தில் தூளினூடே செலுத்தி எடுக்கும் எஸ்பிரெஸோவை மட்டும் இதில் சேர்க்க இயலாது. அங்கே அரவையில் மயிரிழை மாறினாலும் நீர் பாயும் வேகம் மாறிவிடும். மலிவான கிரைண்டரின் ஒரு கிளிக் அதற்கு மிகப் பெரிய தாவல். அழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் இரட்டைச் சுவர் வடிகூடையைப் பயன்படுத்தினால் சமாளிக்கலாமே தவிர, அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புதிய கிரைண்டருக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் வாங்கவேண்டியது 0.1 கிராம் வரை காட்டும் தராசு. தூளும் நீரும் நாள்தோறும் மாறிக்கொண்டிருந்தால், சுவை மாறியது அரவையாலா அளவாலா என்று யாராலும் சொல்லமுடியாது. அளவுகளை நிலையாக வைத்துக்கொண்டு அரவையை மட்டும் மாற்றுங்கள்: புளிப்பு மேலோங்கினால் ஒரு கிளிக் நைசாக, கசப்பும் துவர்ப்பும் மேலோங்கினால் ஒரு கிளிக் கொரகொரப்பாக. இரண்டும் சேர்ந்தே வந்தால் திருகைத் தொடாமல், முன்னே சொன்ன சலிப்பதற்கும் சாய்ப்பதற்கும் ஊறவைப்பதற்கும் திரும்புங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு வார்த்தை. காபியின் எண்ணெய் பற்களில் படிந்து சிக்கெடுத்தால், எவ்வளவு நல்ல கொட்டையிலும் பழைய வாடை வரும். உலர்ந்த தூரிகையால் வாரம் ஒருமுறையாவது துடைத்தெடுங்கள். எஃகுப் பற்களை நீரில் கழுவினால் துரு ஏறும். பீங்கான் பற்களைக் கழுவலாம், ஆனால் ஈரம் முற்றிலும் உலர்ந்த பிறகே பூட்டவேண்டும். பச்சரிசியைப் போட்டு அரைத்துச் சுத்தம் செய்யும் யோசனையை நான் ஏற்பதில்லை. அரிசி காபிக்கொட்டையைவிடக் கடினமானது. சிறிய மோட்டாருக்கு அது வீண் சுமை, அதன் மாவும் உள்ளேயே தங்கிவிடும். சுத்தம் செய்யும்போது பற்களின் விளிம்பையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு நகத்தைப் பற்றாமல் வழுக்குகிறது, அரைக்கும் நேரமும் முன்னைவிட நீள்கிறது, தாளில் மாவும் கூடிக்கொண்டே வருகிறது என்றால், பல் மழுங்கிவிட்டது. சில மாதிரிகளுக்குப் பற்கள் மட்டும் தனியே கிடைக்கும். கிடைக்காத மாதிரியென்றால், புதிய கிரைண்டரைப் பற்றி யோசிக்கவேண்டிய நேரம் அதுதான்.